இலுக்குத் துடைத்த கைகள்

கொட்டகலையிலிருந்து ஹட்டன் வரை ரோட்டோரத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் என்னைக் காட்டிவிடுவார்கள். சிலர் மரக்கறி லொறிக்காரர் என்பார்கள், சிலர் ஹார்ட்வெயார் முதலாளி என்பார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் ஏறியதில்லை. ஏறினவர்கள் சிலர் இன்று என் கடையில் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், கடைசியில் இருக்கிற தொங்கல் காம்பராவில், கூரைத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு நடுவே பிறந்தவன் டவுனில் மேல்மாடி வைத்து வீடு கட்டினால், அதைச் சொல்லிக்கொள்ளாமல் வேறு எதைச் சொல்வது?

இவ்வளவு சம்பாதித்தும் என் கைக்கு அகப்படாத ஒன்று இருக்கிறது. என் மச்சான் கையால் ஒரு வாய் ரொட்டி.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் உடம்பில் எச்.ஐ.வி இருக்கிறது. இதையெல்லாம் எழுதலாமா என்று அவனிடமே கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க மச்சான். என் பேர மட்டும் போடாதீங்க. ஒங்க பேரயும் போடாதீங்க. போட்டா அத மட்டுமே நாலு பக்கத்துக்கு எழுதுவீங்க" என்றான்.

அதனால் இதில் யார் பெயரும் இல்லை. எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். மற்றதெல்லாம் என்னுடையது.

வாலிபத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் களை மருந்து வேலைக்குப் போனோம். தேயிலை மலையில் இலுக்கு என்று ஒரு புல் வரும். வெட்டின சூட்டோடு மறுபடியும் முளைக்கும். அதன் உயிர் மேலே இல்லை, மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓடுகிற வேரில் இருக்கிறது. வெளியே தெரிகிற புல்லைவிட உள்ளே படுத்திருக்கிற வேர்தான் அதிகம். முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தைப் பீச்சினால் பக்கத்துத் தேயிலையும் சேர்ந்து கருகும். ஆகவே இலுக்குக்கு வேறு முறை வைத்திருந்தோம். இரண்டு கையிலும் பொலித்தீன் பையை மாட்டி, அதற்கு மேல் பழைய மேஸ் சோடியைப் போட்டு, மணிக்கட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். காலில் சப்பாத்துக்குள் போடுகிற மேஸ்தான். அதை மருந்தில் நனைத்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தலைநீட்டுகிற இலுக்கை மட்டும் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஓர் இழுப்பு. அவ்வளவுதான். மருந்து இலை வழியாக வேருக்கு இறங்கிவிடும். தேயிலையில் ஒரு சொட்டும் படாது.

படாமல் பார்த்துக்கொள்ளத்தான் சோடி ஆள். ஒருவன் துடைப்பான், மற்றவன் தேயிலைக் கொப்பை விலக்கிப் பிடிப்பான். நான் துடைக்கிறவன், அவன் பிடிக்கிறவன். என்னைப் போல இலுக்குத் துடைக்க அந்த டிவிசனில் ஆள் கிடையாது. நான் கையை நீட்டினால் புல் தானாகவே தலையைக் கொடுக்கிறது என்று கங்காணியே சொல்லுவார்.

தேத்தண்ணி நேரம் வந்தால்தான் எனக்குக் கஷ்டம். கயிற்றை அவிழ்த்துக் கையைக் கழுவுவதென்றால் தண்ணீர் வருகிற பீலி கீழே பள்ளத்தில் கிடக்கிறது. இறங்கி ஏறுவதற்குள் நேரம் முடிந்து கங்காணியின் வாய் திறந்துவிடும். அதனால் விஷக் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கல்லில் உட்காருவேன். அவன் கை சுத்தமான கை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு என் வாயில் வைப்பான். சும்மா வைக்கமாட்டான்.

"ஆ காட்டுங்கண்ணே. இன்னும் பெருசா. கொழுந்துக் கூட மாதிரி வாய வச்சிக்கிட்டு, எவ்வளவு போட்டாலும் நெறயுதில்லயே!"

அப்போது நான் அவனுக்கு வெறும் அண்ணன்தான், சொந்தம் எதுவும் இல்லை. ஒரு நாள் மென்றுகொண்டே கேட்டேன்.

"ரொட்டி பூ மாதிரி இருக்கே, யாருடா சுட்டது?"

"எங்க அக்கா."

"அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

என் வாய்க்குப் பக்கத்தில் வந்த துண்டைத் திரும்ப எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான். நிதானமாக மென்று விழுங்கினான்.

"இனிமே ரொட்டி வேணும்னா வீட்டுக்கு ஆளோட வந்து கேளுங்க" என்றான்.

ஆளோடு போய்க் கேட்டேன். அப்படித்தான் அவன் எனக்கு மச்சான் ஆனான்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் தோட்ட வேலையை விட்டு லொறியில் கிளீனராக ஏறினேன். ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு அந்த லொறியையே வாங்கினேன். மச்சான் வெளிநாட்டுக்கு டிரைவராகப் போனான். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அங்கே விசாவைப் புதுப்பிப்பதற்கு அவனுக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த கையோடு விமானத்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எப்படி வந்தது என்று நான் அவனிடம் கேட்டதில்லை. வந்தது வந்துவிட்டது.

அவன் வீட்டுக்கு வந்த அன்று பகல் என் மனைவி சோறு போட்டாள். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு. தம்பிக்கு மட்டும் விறகு அடுக்கின் மேல் கிடந்த, ஓரம் உடைந்த பீங்கான் மங்குத் தட்டு. பிள்ளை இருக்கிற வீடு என்று பயந்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இந்த நோயைப் பற்றி வாய் திறந்தவர்கள் எல்லோரும் பயத்தைத்தான் பேசினார்கள். சேர்ந்து சாப்பிட்டால் இது தொற்றாது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. மச்சான் தட்டைப் பார்த்தான். அக்காவைப் பார்க்கவில்லை. பேசாமல் சாப்பிட்டு, பீலிக்குப் போய்த் தட்டைத் தானே கழுவி, அது இருந்த இடத்திலேயே வைத்தான். பிள்ளையைத் தூக்கவில்லை. எட்டி நின்று அதன் கால் விரல்களைப் பார்த்துச் சிரித்தான். மறுநாள் காலைக் கோச்சியில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனவன்தான். அதற்குப் பிறகு மலைக்கு ஏறி வரவே இல்லை.

கோச்சி போன சத்தம் அடங்கியதும் என் மனைவி அந்த மங்குத் தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது அதில்தான். டவுனில் வீடு கட்டி, கண்ணாடி அலுமாரி நிறையக் கோப்பையும் தட்டும் வாங்கி அடுக்கினேன். அவள் எதையும் தொடவில்லை. விருந்தாளிகள் வந்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். "ஏ புள்ள, அதத் தூக்கிப் போடேன்" என்பேன். காது கேட்காதவள் மாதிரி எழுந்து போய்விடுவாள்.

மச்சான் புறக்கோட்டையில் ஒரு மசாலாக் கடையின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். நல்ல வேளையாக மாத்திரையும் வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தவன் அதை விடாமல் போட்டு உடம்பு தேறினான். என் லொறி மரக்கறியோடு கொழும்புக்கு இறங்கும்போதெல்லாம் நான் போய்ப் பார்ப்பேன். எனக்கு ஒரு காகிதக் கோப்பையில் பிளேன்டி, தனக்கு ஒரு காகிதக் கோப்பையில் பிளேன்டி. எனக்கு ஒரு பார்சல், தனக்கு ஒரு பார்சல். ஒரு தரம் பழைய ஞாபகத்தில் கையைப் பின்னால் வைத்து வாயைத் திறந்து காட்டினேன். பார்சலைப் பிரித்து என் மடியில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்துகொண்டான். அக்கா ஒரு வேளைக்கு வைத்த தட்டை அவன் ஆயுசுக்கும் தனக்கே வைத்துக்கொண்டான்.

ஊருக்கு வா என்று கூப்பிட்டால் ஒரே பதில்தான்.

"வேர் இருக்குங்களே மச்சான். மாத்திர புல்லத்தான் வெட்டுது. வேர் உள்ளுக்குப் படுத்துக் கெடக்கு. நிப்பாட்டினா மறுபடியும் மொளைக்கும்னு டொக்டரே சொல்றாங்க. வேர் போகட்டும், வாறேன்."

நாங்கள் இலுக்குக்காரர்கள். அந்தப் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். விளங்கியதால்தான் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

இப்போது என் மகள் படித்து, தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. எங்கள் பக்கத்தில் தாலிக்கு முன்னால் தாய்மாமன் வந்து பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். என் மனைவிக்குக் கூடப்பிறந்தது ஒரே தம்பி. ஒன்றுவிட்ட தம்பிமார் நான்கைந்து பேர் இருக்கிறார்கள், என் லொறியில் ஓசியாகப் போய்வருகிறவர்கள், கேட்டால் ஓடிவருவார்கள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு மாமா ஒருத்தர்தான். அவர் வந்தா மால. வராட்டி நான் தனியா நடந்து போயி ஒக்காந்துக்கிறேன்" என்றாள்.

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் போனில் மச்சானைக் கூப்பிட்டேன். அவன் அழுகிற மாதிரித்தான் பேசினான். ஆனால் பதில் அதே பதில். வேர் போகட்டும்.

கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஒரு நாள் மாலை மகள் கைப்போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இதக் கேளுங்க. பிறபொருளெதிரின்னு ஒடம்புல ஒன்னு இருக்கு. கிருமியத் தேடிப் புடிக்கிறது அதோட வேல. ஆராய்ச்சிக்காரங்க அத ஆய்வுகூடத்துல செஞ்சி, அதோட ஒரு நச்ச ஒட்டி அனுப்பிப் பாக்குறாங்க. எச்.ஐ.வி புகுந்த கலம், அதான் செல், இருக்குல்ல, அதோட மேல்பக்கம் வைரசோட துண்டு ஒன்னு நீட்டிக்கிட்டு இருக்குமாம். பிறபொருளெதிரி அதத்தான் புடிக்கும். புடிச்சதும் நச்சு உள்ள போயி அந்தக் கலத்த மட்டும் சாகடிக்கும். பக்கத்துல இருக்கிற நல்ல கலத்துக்கு ஒன்னும் ஆகாது."

நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

"அடியே, இது மேஸ்!"

"என்னப்பா?"

"மேஸ் போட்டுக்கிட்டு இலுக்குத் தொடைக்கிறது! இத நானும் ஒங்க மாமாவும் அன்னைக்கே செஞ்சோம். நல்ல செடியில படாம களைய மட்டும் புடிச்சி வெசம் வைக்கிறது. இவங்க இப்பதான் கண்டுபுடிக்கிறாங்களா?"

"ஆராய்ச்சி நடக்குதுன்னுதான் போட்டிருக்குப்பா. மருந்து வந்திருச்சின்னு போடல."

அது என் காதில் ஏறவில்லை. ஒரு பொருள் உலகத்தில் எங்காவது இருந்தால் அதை ஹட்டனுக்குக் கொண்டுவரத் தெரிந்தவன் நான். மச்சானின் கிளினிக் நாளை விசாரித்து, வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன்.

டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. பல வருஷமாக மச்சானைப் பார்க்கிறவர். லொறிக்காரனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. நானே பேசினேன். மகள் வாசித்ததைச் சொன்னேன். பிறகு கையில் மேஸ் மாட்டுவது, கயிறு கட்டுவது, புல்லை இழுப்பது எல்லாவற்றையும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று செய்து காட்டினேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். டொக்டர் சிரித்தார், ஆனால் ஏளனமாக இல்லை.

"மாத்தயா சொல்வது கிட்டத்தட்டச் சரிதான்" என்றார். "ஆனால் நீங்கள் பிடிப்பது வெளியே வந்த புல்லை. மாத்திரை போடுகிறவர் உடம்பில் வைரஸ் புகுந்த கலங்களில் பல தூங்கிக்கொண்டிருக்கும். மேலே எந்த அடையாளத்தையும் நீட்டாது. பிடிப்பதற்குத் தலையே இல்லையே?"

"அப்படியென்றால் எழுப்பவேண்டும்" என்றேன். "நாங்களும் முற்றின இலுக்கைத் துடைப்பதில்லை. முதலில் வெட்டிவிடுவோம். வேரிலிருந்து இளங்குருத்து வந்த பிறகுதான் மருந்து."

"அதையும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். எழுப்பிவிட்டுக் கொல்வது. எல்லாவற்றையும் எழுப்பத்தான் இன்னும் வழி தெரியவில்லை."

பெருமையில் எனக்குத் தலை கூரையில் முட்டியது. மச்சான் என் காதுக்குள் தமிழில் சொன்னான்.

"போதும் மச்சான். ஒங்கள இங்கயே வேலைக்கு எடுத்துரப் போறாங்க."

டொக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் மலை எப்போதாவது உங்கள் மருந்தோடு சண்டைக்கு வந்ததா?"

"மலை எப்படிச் சண்டைக்கு வரும்?"

"உடம்பு வரும். அந்த நச்சைப் பெரும்பாலும் ஒரு பக்டீரியாவிலிருந்தோ செடியிலிருந்தோ எடுக்கிறார்கள். உடம்புக்கு அது அந்நியன். சில தடவை கொடுத்ததும் உடம்பே அந்த நச்சுக்கு எதிராகப் பிறபொருளெதிரியைச் செய்யத் தொடங்கிவிடும். மருந்து போய்ச் சேருவதற்கு முன்னால் வழியிலேயே பிடிபடும். உடம்பு அடையாளம் காணாதபடி நச்சை மாற்றிச் செய்து பார்க்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நோயாளிக்குக் கொடுக்கிற மருந்தாக இன்னும் ஆகவில்லை."

என் இலுக்குக் கணக்கு அங்கேதான் தோற்றது. துடைத்த கையைப் பார்த்துத் தேயிலை சண்டைக்கு வந்ததை நான் கண்டதில்லை. ஆனாலும் விடவில்லை.

"எந்த நாடு என்று மட்டும் சொல்லுங்கள். வரவழைக்கிறது என் பொறுப்பு."

"எந்த நாட்டிலும் இல்லை, மாத்தயா" என்றார், மெதுவாக.

லொறி போகாத ஊர் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். டொக்டர் மச்சானைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இவர் இரத்தத்தில் இப்போது வைரஸ் சோதனைக்கே அகப்படுவதில்லை. மாத்திரையை விடாமல் போட்டு இப்படியே இருக்கும்வரை, கல்யாணம் செய்துகொண்டாலும் மனைவிக்குத் தொற்றாது. கூட இருந்து சாப்பிடுவதைப் பற்றிக் கேட்கிறீர்களா? அதனால் என்றைக்குமே தொற்றாது. மாத்திரை இல்லாத காலத்திலும் தொற்றவில்லை. இவருக்கு இதெல்லாம் தெரியும். எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்."

மச்சான் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் நின்றோம். வழக்கம்போல இரண்டு காகிதக் கோப்பைகள்.

"கேட்டீங்களா? எந்த நாட்டுலயும் இல்லயாம். இப்ப லொறிய எங்க விடப் போறீங்க?" என்று சிரித்தான்.

"சிரிக்காத. நீ கல்யாணத்துக்கு வரணும்."

"வேர் போகட்டும்னு சொன்னேனே மச்சான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன்.

"ஏய், நம்ம மலையில வேர் எப்படா போச்சு? நான் தொடச்ச தொடைப்புக்கு மேல எவன் தொடச்சான்? நானே தொடச்சும் அடுத்த மழைக்கு அங்கொன்னு இங்கொன்னு தலையத் தூக்கல? அதுக்காக அந்த மலையில கொழுந்து எடுக்காமயா விட்டாங்க? இலுக்கு முழுசா ஒழியட்டும், அப்பறம் எடுக்கலாம்னு எந்தத் தொர சொன்னான்? பொம்பளைங்க பாட்டுக்கு ஏறிப் போயி கூட கூடயா எறக்கினாங்கதானே? நாம தொடச்சிக்கிட்டே இருந்தோம், அவங்க எடுத்துக்கிட்டே இருந்தாங்க. நீயும் மாத்திரையப் போட்டுக்கிட்டே இரு, வந்துக்கிட்டும் இரு!"

அவன் காகிதக் கோப்பையைக் கையில் நசுக்கினான். பிறகு சொன்னான்.

"வேர் ஒரு சாக்குங்க மச்சான். அக்கா ஒரு வார்த்த கூப்புடல. இத்தன வருசமா நீங்கதான் கூப்புடுறீங்க. நீங்க கூப்பிட்டா ஊரே கூப்பிட்ட மாதிரித்தான் இருக்கு, இல்லங்கல. ஆனா அக்கா கூப்புடல."

அவன் சொன்னது உண்மை. நான் போனில் பேசும்போது அவள் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். என்ன சாப்பிட்டான், இருமுகிறானா என்று எனக்குச் சைகை காட்டுவாள். போனை நீட்டினால் கையை மடக்கிக்கொள்வாள்.

அன்று ஹட்டனுக்குத் திரும்பியதும் நேரே குசினிக்குப் போய் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுங்க கூப்புடுவேன்?"

"போன்ல மூஞ்சி தெரியாது புள்ள."

"கிண்டலா ஒங்களுக்கு?" என்று அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சிரித்தாள். மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "அமுக்கிக் குடுங்க" என்றாள்.

அமுக்கிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவன் "சொல்லுங்க மச்சான்" என்றது எனக்கும் கேட்டது.

"தம்பி, நான்தான்."

சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு இவள் கேட்டாள்.

"மால கட்டச் சொல்லணும். ரோசாவா, சம்பங்கியா?"

"புள்ளைக்கா?"

"ஆமா. நீ போடுற மாலதான்."

நான் போனுக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனேன்.

"ரோசாவே கட்டச் சொல்லுக்கா" என்றான். "சம்பங்கி கொழும்புலருந்து வாறதுக்குள்ள கறுத்துப் போயிரும்."

அவ்வளவுதான் பேச்சு. மன்னிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. போனை என்னிடம் தந்துவிட்டு, பிசைந்து முடித்த மாவை மறுபடியும் பிசையத் தொடங்கினாள்.

கல்யாணத்தன்று விடிந்த பிறகு வந்து சேருகிற மாதிரி என் வான் வண்டியையே கொழும்புக்கு அனுப்பிக் கூட்டிவந்தேன். மூடுபனிக்குள் வான் வந்து நின்றது. இறங்கினவனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. கொழும்பில் பார்க்கும்போது அந்த நரை என் கண்ணில் பட்டதே இல்லை. வீட்டை அண்ணாந்து பார்த்தான்.

"மச்சான், நீங்க சொன்னப்ப பொய்யின்னு நெனச்சேன். நெசமாவே மேல்மாடி இருக்கு."

மாடியைச் சுற்றிக் காட்ட நான் தயாராக இருந்தேன். அவன் நேரே குசினிக்குப் போய்விட்டான். அங்கே தட்டுகள் அடுக்கின ராக்கையில் ஓரம் உடைந்த அந்த மங்குத் தட்டு ஈரத்தோடு இருந்தது. அவன் கண் அதில் போய் நின்றது. முகம் மாறிவிட்டது. கல்யாணப் பெண்ணாகத் தலையில் பூ வைத்து நின்ற என் மகள்தான் பேசினாள்.

"அது அம்மாவோட தட்டு மாமா. அவங்க வேற எதுலயும் சாப்பிட மாட்டாங்க. நான் கைப்புள்ளயா இருந்ததுலருந்து அதுலதான்."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அன்று பார்க்காத பார்வையையும் சேர்த்துப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ராக்கையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"பசிக்குதுக்கா. இதுலயே போடு."

அவள் சூட்டு ரொட்டி வைத்தாள், சம்பல் வைத்தாள். நின்றபடியே தின்றான். பாதியை மிச்சம் வைத்து, "நீயும் சாப்புடு, நேரமாகுது" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அவன் மிச்சத்தைத் தின்றாள். நான் வாசலுக்குப் போய், பந்தல்காரனிடம் காரணமே இல்லாமல் சத்தம் போட்டேன்.

மாலையை அவன்தான் போட்டான். மகளின் கையைப் பிடித்து மணவறைக்கு அவன்தான் கூட்டிவந்தான். கொழும்புக்காரரா, தாய்மாமனா என்று ஆட்கள் கேட்டார்கள். என் மச்சான் என்று ஒவ்வொருவரிடமும் நானே போய்ச் சொன்னேன். மண்டபத்து வேலைகளில் எனக்கு அவனோடு உட்கார்ந்து சாப்பிட ஒரு நிமிஷம் அமையவில்லை. கல்யாணத்தை நடத்தினவன் பசியோடுதான் கிடப்பான்.

பிற்பகல் கோச்சியில் அவன் திரும்ப வேண்டும். ஸ்டோரில் லீவு இல்லை, மாத்திரையும் அறையில் இருக்கிறது என்றான். ஹட்டன் ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோனேன். அக்கா கட்டிக்கொடுத்த ரொட்டிப் பார்சல் அவன் கக்கத்தில் இருந்தது. கோச்சி வந்தது. ஏறி வாசற்படியில் நின்றுகொண்டான்.

"அந்த மேஸ் மருந்து வந்தா சொல்லுங்க மச்சான்."

"வாரா வாரம் ஒன் மருமகள்கிட்டக் கேக்குறேன். இன்னும் எலிக்குத்தான் குடுக்குறாங்களாம்."

"அப்ப எலி கொடுத்து வச்சது" என்று சிரித்தான். "வந்தா வரட்டும். வராட்டியும் தைப்பொங்கலுக்கு வாறேன்."

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பட்டு வேட்டியும் சட்டையுமாக, ஹட்டன் ஆட்கள் பாதிப்பேர் நிற்கிற அந்தப் பிளாட்பாரத்தில், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

அவன் ஒரு நொடி முழித்தான். பிறகு முகம் முழுக்க அந்தப் பழைய மலைச் சிரிப்பு.

"என்ன மச்சான், கையில வெசமா?"

பார்சலை அவசரமாகக் கிழித்தான். ரொட்டியைப் பிய்த்தான். சம்பலில் தொட்டான். அதற்குள் கோச்சி அசைந்துவிட்டது. அவன் படியில் குனிந்து கையை நீட்டினான். நான் வாயைத் திறந்தபடியே கூட நடந்தேன், பிறகு ஓடினேன். என் வயதுக்கு நான் நன்றாகவே ஓடினேன். ஒரு சாண் தூரம் இருந்தது. பிறகு ஒரு முழம் ஆனது. அவன் கை அப்படியே நீண்டிருந்தது. கோச்சி வேகம் பிடித்ததும் அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே கத்தினான்.

"வேணும்னா பொங்கலுக்கு வீட்டுலயே இருங்க! வந்து தாறேன்!"

கோச்சி வளைவில் திரும்பும்வரை வாசற்படியில் அவன் கை தெரிந்தது. நான் பிளாட்பாரத்தின் கோடியில் நின்றேன். கை இன்னும் பின்னால்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த போர்ட்டர் ஒருவர் கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன முதலாளி, பல்லு வலியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.